ஃபைலோடு பத்தரமுல்லைக்குப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பிலிருந்து கந்தோர் அலுவலாகக் கொழும்புக்குப் போகிற நாங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் போய் வருகிறோம். இரவுக் கோச்சி, விடியும் முன்னே கோட்டை ஸ்டேஷன், வாங்கில் குந்தியபடி ஒரு அரைத்தூக்கம், எட்டரைக்கு அமைச்சு, கையெழுத்து, திரும்பவும் இரவுக் கோச்சி. ஊருக்கு வந்து “என்ன கொழும்பு, ஒரே புழுக்கமும் சனமும்” என்று சொல்வதோடு கதை முடிந்துவிடும்.

அந்த வாங்கில் போகிற நேரத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். நான் குருமண்வெளி ஆள். மண்டூருக்குப் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் வாவியைக் கடந்து போய் வந்து வளர்ந்தவன். கொழும்பு என்னைத் தன் கட்டடங்களால் கவரவில்லை. அமைச்சுகள் இருக்கிற அதே பத்தரமுல்லையில், நடக்கிற தூரத்தில், தண்ணீரும் புல்லும் கொக்குமாக ஒரு பெரிய சதுப்பு நிலம் கிடக்கிறது. அதைக் கண்ட அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை நீங்களும் அடைய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் முகம் கழுவி, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, புறக்கோட்டையில் 190 பஸ் ஏறுங்கள். கொள்ளுப்பிட்டிப் பக்கம் தங்கியிருந்தால் 177. இரண்டும் ராஜகிரிய தாண்டிப் பத்தரமுல்லைக்குப் போகிறவை. ஆனால் பத்தரமுல்லைச் சந்தி வரைக்கும் போக வேண்டாம், அதற்கு முன்னால் பொல்துவச் சந்தியில் இறங்குங்கள். நடத்துநரிடம் அங்கேயுள்ள பூங்காவின் பெயரை, “தியத உயன” என்று சொன்னாலும் இறக்கிவிடுவார். அரசாங்கக் கந்தோர்கள் இருக்கிற செத்சிறிபாயவுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். ஆகவே கந்தோருக்குப் பிந்திவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. தோளில் மாட்டுகிற ஒரு பையோடு மட்டும் போங்கள். பெரிய பெட்டி இருந்தால் நடையின் சுகமே போய்விடும்.

இறங்கியதும் தண்ணீர்க்கரை. தியவன்னா ஓயாவை விரித்து உண்டாக்கிய ஏரி அது. எதிரே ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றம் தண்ணீருக்கு நடுவே நிற்கும். அந்தப் பக்கம் படம் எடுப்பதானால் காவலில் நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. காலையில் நகரத்துச் சனம் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்து போவார்கள். நீங்கள் அவசரப்பட வேண்டாம். ஓரிடத்தில் நின்று கரையோரப் புல்லைப் பாருங்கள். நீலக்கோழி ஒன்று வரும். ஊதா கலந்த நீல உடம்பு, சிவப்பு அலகு, உடம்புக்குப் பொருத்தமில்லாத நீண்ட விரல்கள். ஒவ்வொரு காலாகத் தூக்கி, விரல்களை மடக்கி, மிதக்கிற இலையில் திரும்ப விரித்து வைக்கும். தண்டு ஒன்றைப் பிடுங்கினால் அதைக் காலால் பிடித்துக்கொண்டுதான் கடிக்கும். கொஞ்சம் தள்ளிக் கபரக்கொய்யா என்கிற நீருடும்பு தலையை மட்டும் வெளியே நீட்டி நீந்திப் போகும்.

ஒருமுறை என்னோடு வந்த எங்கள் கந்தோர் கணக்கு அக்கா கரையைக் கண்டதும் நின்றுவிட்டா. “மனே, இது நம்மட வாவியெல்லோ!” என்றா. பார்வைக்கு அப்படித்தான். ஆனால் உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நம்முடையது கடலோடு திறந்து மூடுகிற களப்பு, உப்பு கலந்த தண்ணீர், கண்டலும் இறாலும். அங்கே பெரும்பாலும் நன்னீர். கண்டல் மாதிரி அடர்ந்து நிற்கிற மரம் பல இடங்களில் கண்டல் இல்லை, அன்னமுன்னாவின் இனத்தைச் சேர்ந்த ஒரு வெளிநாட்டு மரம், தானாகப் பரவியது.

இன்னும் ஒரு மணித்தியாலம் கையில் இருந்தால் ஓட்டோவில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போங்கள். கோட்டேப் பக்கம், தூரமில்லை. திறக்கும் நேரத்தை முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பலகை நடைபாதையில் சதுப்புக்கு உள்ளேயே நடக்கலாம், பறவை பார்க்க ஒதுக்கிடங்களும் உண்டு. கொழும்பின் ஈரநிலங்களில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. இரவில் உலாவுகிற பிராணி என்பதால் உங்கள் கண்ணில் படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தலைநகரத்து வீடுகளுக்கும் கந்தோர்களுக்கும் இடையில் அது மீன் பிடித்துத் தின்று உயிர் வாழ்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

இந்தச் சதுப்பு சும்மா கிடக்கவில்லை. மழை வெள்ளத்தை வாங்கி வைத்து, கால்வாய் வழியாக மெல்லக் கடலுக்கு விடுகிற வேலையைச் செய்கிறது. 2010 நவம்பரில் கொட்டிய மழையில் பாராளுமன்றமே வெள்ளத்தில் நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். நிரப்பி நிரப்பிக் கட்டினால் தண்ணீர் எங்கே போகும்? 2018இல் உலகத்தில் முதன்முதலாக, ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. வாவிக்கரையில் மண் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற நம்மவர்கள், முக்கியமாகத் திட்டமிடல், பிரதேச செயலகம் என்று வேலை செய்கிறவர்கள், அந்தப் பலகைப் பாதையில் ஒருமுறையாவது நடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

காலநிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மூரில் கச்சான் காற்று அடித்து மண் காய்ந்து கிடக்கிற மே, ஜூனில் கொழும்பில் மழை பெய்யும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலும் மலையிலும் தண்ணீரைக் கொட்டிவிட்டு நம் பக்கம் வெறுங்காற்றாக இறங்குவதால் வருகிற வித்தியாசம் இது. ஊரில் வெயிலைப் பார்த்துவிட்டுக் குடையை விட்டுப் போகாதீர்கள். வலசைப் பறவைகளைப் பார்க்க ஆசை என்றால் ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போகிற அலுவல் நல்லது. எந்த மாதமானாலும் முழுக்கைச் சட்டை போடுங்கள், நுளம்பு இருக்கும்.

பின்னேரம் அலுவல் முடிந்து, இரவுக் கோச்சிக்கு நேரம் இருந்தால், பஸ்ஸில் கோட்டைக்கு வந்து காலிமுகத்திடலுக்கு நடந்து போங்கள். இறால் வடை கிடைக்கும். கல்லடியில் கடலுக்குள்ளிருந்து வருகிற சூரியனைப் பார்த்துப் பழகியவர்கள், அது கடலுக்குள் இறங்குவதை அங்கே பார்க்கலாம்.

ஒரு இரவு தங்குகிற பயிற்சி என்றால் இன்னும் வசதி. பத்தரமுல்லைப் பக்கமே அறை எடுத்து, இரண்டாம் நாள் காலையைத் தலவத்துகொடவில் உள்ள தியசரு பூங்காவுக்கு வையுங்கள். அதுவும் சதுப்பு நிலம்தான், மரநிழல் கூட. கணக்கு அக்கா அடுத்த பயிற்சிக்குத் தன் மகனுடைய தொலைநோக்கியைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறா. உங்கள் வீட்டில் ஒன்று சும்மா கிடந்தால் நீங்களும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.