தன் படைப்பைப் பற்றித் தானே எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்காட்சிக்குப் போனால், படங்களுக்கு அருகே ஒட்டியிருக்கும் கலைஞர் குறிப்புகளையும் நின்று படிப்பது என் வழக்கம். ‘காலத்தின் மௌனம்’, ‘அடையாளத்தின் தேடல்’ போன்ற தொடர்களே அவற்றில் மிகுதியாக இருக்கின்றன. அந்தத் தாளை எடுத்து அடுத்த படத்தின் கீழ் ஒட்டினாலும் பொருந்திவிடும் என்பதுதான் அதிலுள்ள குறை. டச்சு ஓவியர் வான் கோ 1885-இல், விளக்கொளியில் உருளைக்கிழங்கு உண்ணும் குடியானவர்களை வரைந்தபோது, தட்டுக்குள் நீளும் அதே கைகள்தாம் மண்ணையும் கிளறின என்பதைக் காட்ட விரும்பியதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். தோல் சீவாத, புழுதி படிந்த உருளைக்கிழங்கின் நிறம் வரும்படி முகங்களைத் திரும்பத் தீட்டியதாகவும் சொன்னார். அந்த வரிகளை வேறு எந்தப் படத்துக்கும் எடுத்துச் செல்ல முடியாது.

தற்செயலாக அமைந்ததையும் திட்டமிட்டுச் செய்ததாக எழுதிவிடுவது இன்னொரு தவறு. பாரிஸின் சான் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த நீரைத் தாண்டும் மனிதரை 1932-இல் படமெடுத்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெசோன், பலகை வேலியின் இடுக்கில் லென்ஸை நுழைத்து எடுத்ததாகவும், இடம் போதாமல் ஒரு பக்கம் மறைந்துபோனதாகவும் ஒளிக்காமல் சொன்னார். அதனால் அந்தப் படத்தின் மதிப்பு சிறிதும் குறைந்துவிடவில்லை.

மிகுந்த கேடு விளைவிப்பது, எல்லாம் நினைவில் இருக்கும் என்று நம்பிக் குறிப்பெடுக்காமல் விடுவதே. நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் சிற்றூருக்கு மேல் நிலவு எழுந்த காட்சியை எடுத்த அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸுக்கு, ஒளியை அளக்கும் ஒளிமானி கைக்கு அகப்படாத பதற்றத்தில் நிலவின் ஒளி அளவை வைத்தே எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் விழ வேண்டிய ஒளியின் அளவைக் கணக்கிட்டது துல்லியமாக நினைவிருந்தது. ஆண்டை மட்டும் அவர் வெவ்வேறாகச் சொல்லிவந்தார். நிலவு நின்ற இடத்தைக் கொண்டு, அது 1941 நவம்பர் 1 மாலை என்று பின்னாளில் வானியல் கணக்குப் போட்டவர்கள் நிறுவினார்கள். நிலவு இல்லாத படமாக இருந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

தேதி பிழைத்தால் இப்படித் திருத்த வழியுண்டு, படத்தில் இருப்பவரின் வாழ்க்கையைத் தவறாகச் சொன்னால் அது எளிதில் திருந்தாது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டோரதியா லாங், 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்த தொழிலாளர் முகாமில், குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க அமர்ந்திருந்த தாயைப் படமெடுத்தார். மற்ற வேளைகளில் மக்கள் சொன்னதை அக்கறையோடு எழுதிக்கொள்பவர் அவர். அன்றோ, நெடும்பயணக் களைப்பில், அந்த முகாமின் அறிவிப்புப் பலகையைக் கடந்து இருபது மைல் போன பிறகு மனம் கேளாமல் திரும்பி வந்திருந்தார். பெயரைக் கேட்கவில்லை என்று அவரே 1960-இல் எழுதினார். உணவு வாங்குவதற்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டதாக அந்தத் தாய் சொன்னார் என்றும் அதில் குறிப்பிட்டார். ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெண் 1978-இல்தான் உலகுக்குத் தெரியவந்தார். டயர்களை விற்கவே இல்லை என்று அவர் குடும்பத்தார் மறுத்தார்கள். லாங் தம் பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்ற வருத்தம் தாம்சனுக்கு இருந்தது. லாங் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. பல முகாம்களில் கேட்ட கதைகள் இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம். ஆயினும் அந்தக் குடும்பத்தைப் பற்றி உலகம் படித்தது லாங்கின் சொற்களைத்தான்.

ஆகவே, படமெடுத்த அன்று இரவே ஊர், நாள், எதிரில் இருந்தவரின் பெயர், நீங்கள் கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில் ஆகியவற்றை அவருடைய சொற்களிலேயே எழுதி வையுங்கள். நீங்களாக ஊகித்ததைத் தனிப் பத்தியில், ஊகம் என்றே தலைப்பிட்டு எழுதுங்கள். கண்காட்சிக் குறிப்பு எழுதும் நாளில் முதலில் அந்த நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு உட்காருங்கள். அதில் இல்லாத ஒரு விவரம் குறிப்பில் வந்து விழுந்தால், உரியவரிடம் கேட்டு உறுதிசெய்யும்வரை அதை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.