புல்வெளியில் சில்லையை அடையாளம் காண்பது எப்படி?

சில்லையைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. முனியா என்றும் அழைக்கப்படும் இந்தச் சிறு பறவை புல்விதை தின்று வாழ்கிறது. புல் வெட்டாமல் விட்ட இடமெல்லாம் அதற்குச் சாப்பாட்டுக்கடைதான். சிங்கப்பூரில் கிராஞ்சி, லோரோங் ஹாலுஸ், ஜூரோங் ஏரித் தோட்டப் புல்வெளி, இவற்றில் ஒன்றுக்குக் காலை 7 முதல் 9 மணிக்குள் போங்கள். 8 மடங்கு பைனாகுலர் போதும்.

முதலில், வெயில் உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாச் சில்லையும் கறுப்பாகத்தான் தெரியும். புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

அடுத்து, பறவையைத் தேடாதீர்கள், கதிரைப் பாருங்கள். காற்றில்லாதபோது ஆளுயரக் கினிப்புல்லில் ஒரே ஒரு கதிர் மட்டும் வளைந்து ஆடுகிறதா? அங்கே சில்லை இருக்கலாம். கிட்டே போகாதீர்கள். ஒன்று எழுந்தால் கூட்டமே எழுந்துவிடும். நின்ற இடத்திலேயே நின்றால், கதிரைக் காலால் பற்றிக்கொண்டு விதையை உருவுவதையும், அலகை அசைத்து உமி நீக்குவதையும் பார்க்கலாம். உமித்துணுக்கு சில சமயம் அலகோரத்திலேயே ஒட்டியிருக்கும்.

அலகு குட்டையாக, தடித்து, கூம்பு போல இருந்தால் இனி தலையைப் பாருங்கள். இங்கே பரவலாகக் காணும் மூன்று வகைகளை இப்படிப் பிரிக்கலாம். தலை கறுத்து, உடல் செம்பழுப்பாக, அலகு நீலச்சாம்பலாக இருந்தால் கருந்தலைச் சில்லை. மூன்றில் இதுவே அழகு. தமிழ்நாட்டுக் கருந்தலைச் சில்லைக்கு வயிற்றுப் பக்கம் வெள்ளை உண்டு, இங்குள்ளதற்கு இல்லை. தலை வெளுத்திருந்தால் வெண்தலைச் சில்லை. மார்பில் மீன்செதில் போன்ற கோலம் இருந்தால் புள்ளிச் சில்லை. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும்.

குஞ்சுப் பருவம் தாண்டாத இளசுகள்தான் குழப்பும். மூன்று வகையிலும் அவை வெறும் பழுப்பு. அவற்றைத் தனியாக வைத்து முடிவு செய்யாதீர்கள், கூட வரும் பெரிய பறவைகளைப் பாருங்கள். முதுகில் கோடும் கண்ணுக்குமேல் வெளிறிய புருவமும் இருந்தால் அது தூக்கணாங்குருவியின் பெட்டையாக இருக்கலாம்.

அரிசி தூவி வரவழைக்க வேண்டாம். 2020 முதல் சிங்கப்பூரில் காட்டுயிர்களுக்கு உணவிடுவது குற்றம்.

நீளமான புல்லிழையைக் கவ்வியபடி ஒரு சில்லை பறந்தால் கூடு கட்டுகிறது என்று பொருள். பக்கவாட்டில் வாசல் வைத்த புல் உருண்டை அது. எந்தப் புதருக்குள் நுழைகிறது என்று தூரத்திலிருந்தே குறித்துக்கொள்ளுங்கள். இலையை விலக்கிப் பார்த்தால் கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும்.