கட்டளை வரியில் வைஃபை அமைப்பு: கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்கள்

ஒரே மாற்றத்தைப் பத்து ஆக்சஸ் பாயிண்டில் (வைஃபை பரப்பும் கருவி) செய்ய வேண்டுமென்றால், ஒவ்வொன்றின் வலைப்பக்கத்தையும் திறந்து பட்டன் தட்டிக்கொண்டிருப்பதைவிட எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்திலிருந்து கருவிக்குள் போகும் பாதுகாப்பான வழி) நுழைந்து கட்டளை கொடுப்பது எவ்வளவோ மேல். புதிதாக வருபவர்கள் பயப்படுவது எழுத்துப் பிழைக்கு. கட்டளையின் பெயரைத் தப்பாக அடித்தால் கருவி ஒரு வரி திட்டிவிட்டு நின்றுவிடும், நஷ்டமில்லை. வம்பெல்லாம் சரியாக அடித்த கட்டளையில்தான் இருக்கிறது. அது எப்போது அமலுக்கு வரும், எங்கே சேமிக்கப்படும் என்று தெரியாமல் என்டர் தட்டுவதுதான் முதல் தவறு.

இதில் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு மாதிரி. சிஸ்கோ கருவிகளின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் என்டர் தட்டியதும் அமலாகும், ஆனால் ரன்னிங் கான்ஃபிகில் (இப்போது ஓடும் அமைப்பில்) மட்டும். கருவி துவங்கும்போது படிக்கும் ஸ்டார்ட்அப் கான்ஃபிகுக்கு நகல் எடுக்காவிட்டால் அடுத்த கரன்ட் கட்டில் எல்லாம் போச்சு. மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர்களில் உடனே அமல், அப்போதே சேமிப்பும். ரவுட்டர்களுக்கான லினக்ஸ் இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியில், யூசிஐ என்ற அமைப்புக் கருவி வழியாக, மூன்று படி: 'யூசிஐ செட்' மாற்றத்தைத் தற்காலிக நினைவகத்தில் வைக்கும், 'யூசிஐ கமிட்' அதைக் கோப்பில் எழுதும், 'வைஃபை ரீலோட்' கொடுத்த பிறகுதான் ரேடியோவுக்குப் போகும். எந்தக் கோப்பு என்று சொல்லாமல் கமிட் கொடுத்தால், உங்களுக்கு முன் யாரோ பாதியில் விட்டுப்போன மாற்றங்களும் சேர்ந்து எழுதப்படும். அதனால் அதற்கு முன் 'யூசிஐ சேஞ்சஸ்' அடித்து என்னென்ன காத்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது எல்லாவற்றிலும் பெரியது. வைஃபையை மாற்றும் வேலையை அதே வைஃபையில் இணைந்துகொண்டு செய்வது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவதுதான். சானலையோ கடவுச்சொல்லையோ மாற்றிய நொடியில் உங்கள் இணைப்பே அறுந்துவிடும். கேபிள் போட்டு வேலை செய்யுங்கள். கருவி மொட்டை மாடிக் கம்பத்தில் இருக்கிறது, கேபிள் போட வழியில்லை என்றால், திரும்பி வரும் வழியை முதலில் அமைத்துவிட்டு அப்புறம் மாற்றத்தைத் தொடுங்கள். மைக்ரோடிக்கில் கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் சேஃப் மோட். அதில் இருக்கும்போது இணைப்பு அறுந்தால் செய்த மாற்றங்கள் தானாகவே பின்வாங்கும். வேலை முடிந்ததும் அதே விசைகளை அழுத்தி வெளியே வர மறந்தால் சரியான மாற்றமும் போய்விடும், அதையும் கவனியுங்கள். சிஸ்கோவில் வேலை தொடங்கும் முன் 'ரீலோட் இன் 10' கொடுத்துவிட்டால், பத்து நிமிடத்தில் நீங்கள் ரத்து செய்யாவிட்டால் கருவி மறுபடி துவங்கிப் பழைய அமைப்புக்கே வரும். ஆனால் நடுவில் சேமித்துவிட்டீர்கள் என்றால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டியில் வயர்லெஸ் கோப்பை முதலிலேயே நகல் எடுத்து, ஐந்து நிமிடம் கழித்து அதைத் திரும்ப வைத்து வைஃபையை மீண்டும் ஏற்றும் ஒரு வரியைப் பின்னணியில் ஓட விடலாம். எல்லாம் சரியாக இருந்தால் அந்த வரியை நிறுத்திவிட வேண்டியதுதான்.

யாரோ எழுதிவைத்த கட்டளைகளை அப்படியே வெட்டி ஒட்டுவதிலும் ஆபத்து உண்டு. ஒரு மாடலில் 'ரேடியோ 0' என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்றில் அதுவே 5 கிகாஹெர்ட்ஸ். 2.4 ரேடியோவில் சானல் 36 என்று எழுதினாலும் யூசிஐ வாயே திறக்காது, கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளும். விருப்பத்தின் (ஆப்ஷன்) பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அப்படித்தான். குறியாக்க வரியில் அது நடந்தால் வைஃபை பூட்டே இல்லாமல் திறந்து கிடக்கலாம். ஆகவே குறியாக்க வகையை மாற்றிய பிறகு, செல்போனில் அந்த வைஃபை பெயருக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடவுச்சொல்லில் டாலர் குறி இருந்து, அதை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், கட்டளையைப் படிக்கும் ஷெல் அந்தக் குறிக்குப் பின்னால் வரும் சொல்லை மாறியின் பெயர் என்று நினைத்து விழுங்கிவிடும். சேமிக்கப்படுவது வேறு கடவுச்சொல், நீங்கள் செல்போனில் அடிப்பது வேறு. ஒற்றை மேற்கோள் போட்டால் தீர்ந்தது.

சிஸ்கோ சுவிட்சில் புது எஸ்எஸ்ஐடிக்காக (வைஃபை பெயர்) ஒரு விலேன் (ஒரே கேபிளில் பிரித்துவைத்த தனி வலையமைப்பு) சேர்ப்பவர்கள் 'அலவ்டு விலேன் 30' என்று அடிப்பார்கள். அது 30-ஐச் சேர்க்காது. அனுமதித்த விலேன்களின் பட்டியலையே அழித்து 30-ஐ மட்டும் வைக்கும். நடுவில் 'ஆட்' என்ற சொல் வேண்டும். அது விட்டுப்போய் மற்ற எஸ்எஸ்ஐடிகள் எல்லாம் ஒரேயடியாகச் செத்துப்போன கதை இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் அனேகமாகக் கிடைக்கும்.

இனி ரேடியோ பக்கம். நாட்டுக் குறியீட்டை அமைக்காமல் விட்டால் லினக்ஸ் எந்த நாடும் இல்லாத பொது விதியைப் பிடித்துக்கொள்ளும். அதில் 5 கிகாஹெர்ட்ஸில் பல சானல்களில் ஆக்சஸ் பாயிண்ட் துவங்கவே துவங்காது. இந்தியாவில் இருந்தால் இந்தியாவின் குறியீட்டையே வையுங்கள். பவர் கூடுதலாகக் கிடைக்கும் என்று வேறு நாட்டுக் குறியீட்டைப் போடுவது சட்டப்படி தப்பு, பயனும் குறைவு. பவரை அளக்கும் கணக்கில் 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட், 3 டிபிஎம் கூட்டினால் அது இரண்டு மடங்கு. ஆனால் செல்போனின் பவர் கூடவில்லையே. ரவுட்டர் கத்துவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்காது.

52 முதல் 144 வரையுள்ள சானல்களில் பல நாடுகளில் ரேடார் இருக்கிறதா என்று ஆக்சஸ் பாயிண்ட் முதலில் ஒரு நிமிடம் காதுகொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒளிபரப்பு தொடங்கும். ஐரோப்பிய விதிகளில் வானிலை ரேடார் இருக்கும் 120 முதல் 128 வரை அது பத்து நிமிடம். வைஃபை வரவில்லையே என்று பொறுமையிழந்து மறுபடி மறுபடி ரீலோட் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் அந்தக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

எதையும் மறைக்காமல் அனுப்பும் பழைய நுழைவு வழியான டெல்நெட் திறந்திருந்தால் மூடிவிடுங்கள், ரூட் (நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல்லைக் காலியாக விடாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. உதவி கேட்டு அமைப்புக் கோப்பை இன்னொருவருக்கு அனுப்பும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியின் வயர்லெஸ் கோப்பில் வைஃபை கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே கிடக்கும். அந்த வரியை அழித்துவிட்டு அனுப்புங்கள்.