எடிட்டிங் சாஃப்ட்வேர் எது எடுக்கலாம்? சேலம், ஏற்காடு பக்கம் வேலை பண்றவங்களுக்காக

பிரீமியரா, ரிசால்வா, எடியஸா, ஃபைனல் கட்டான்னு யார் கேட்டாலும் நான் திருப்பி கேக்குறது இதுதான். உங்க கேமரா என்ன ஃபைல் குடுக்குது, உங்க சிஸ்டம்ல என்ன ப்ராசஸர் இருக்கு, டைம்லைன், அதாவது கிளிப்பெல்லாம் வரிசையா அடுக்குன எடிட், முடிஞ்சதும் அது யார் கைக்கு போகுது. இது தெரியாம வாங்குன சாஃப்ட்வேர் எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் முகூர்த்த நாள் முடிஞ்சு டெலிவரி நெருங்குறப்ப காலை வாரிடும், அஞ்சு ரோடு பக்கம் கல்யாண ஸ்டுடியோ வச்சிருக்கவருக்கும் ஏற்காட்டுல ரிசார்ட்டுக்கு ட்ரோன் வீடியோ பண்ற தம்பிக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

முதல்ல ஃபைல். மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அத இன்ஸ்டால் பண்ணி உங்க கேமரா கிளிப் ஒண்ண அதுல இழுத்து போடுங்க, கோடெக், அதாவது வீடியோவ சுருக்கி வைக்கிற முறை, எச்.264ஆ எச்.265ஆ, டோனுக்கு எத்தன படின்னு சொல்ற பிட் 8ஆ 10ஆ, நிற விவரம் எவ்ளோ பதிவாகுதுன்னு சொல்ற கணக்கு 4:2:0வா 4:2:2வா, ஒரு செகண்டுக்கு எத்தன படம்னு சொல்ற ஃப்ரேம் ரேட் என்னன்னு எல்லாம் காட்டும், அத ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. 8 பிட் 4:2:0 எச்.264ன்னா கவலையே வேணாம், விண்டோஸ், மேக்ல எல்லா சாஃப்ட்வேரும் அத ஓட்டும். 10 பிட் 4:2:2 எச்.265ன்னு இருந்தா இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். இந்த மாதிரி ஃபைல்ல பெரும்பாலும் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுசா இருக்காது, சில ஃப்ரேம் மட்டும் முழுசா இருக்கும், மத்ததுல முன்னாடி பின்னாடி ஃப்ரேமோட வித்தியாசம் மட்டும்தான் இருக்கும், நீங்க டைம்லைன்ல எங்க கிளிக் பண்ணாலும் சிஸ்டம் அக்கம்பக்கத்து ஃப்ரேமையெல்லாம் பிரிச்சு கணக்கு போட்டுத்தான் ஒரு படத்த காட்டும். அந்த கணக்க ப்ராசஸர் தனியா செஞ்சா திணறும், அதுக்குன்னே தனி சர்க்யூட் இருந்தா சர்ருனு ஓடும்.

இன்டெல்ல 11வது ஜெனரேஷன்ல இருந்து உள்ளயே வர்ற கிராஃபிக்ஸ்ல 4:2:2 எச்.265 டிகோட் பண்ற, அதாவது சுருக்குனத பிரிக்கிற, அந்த தனி சர்க்யூட் இருக்கு. ஆப்பிள்ல எம்1ல இருந்தே இருக்கு. ஆனா என்விடியா ஆர்டிஎக்ஸ் 30, 40 சீரிஸ் கார்டுல 4:2:2வுக்கு இல்ல, 50 சீரிஸ்லதான் வந்துச்சு. அதனால சிஸ்டம் அசெம்பிள் பண்ண போறவங்க நல்லா கவனிங்க, இன்டெல் ப்ராசஸர் பேருக்கு கடைசில எஃப்னு இருந்தா அதுல உள்கிராஃபிக்ஸ் கிடையாது, கொஞ்சம் விலை கம்மின்னு கடைக்காரர் அதத்தான் எடுத்து தருவாரு, கேமுக்கு அது போதும். ஆனா எஃப் ப்ராசஸரும் 40 சீரிஸ் கார்டும் போட்டு லட்சத்துக்கு மேல செலவு பண்ணிட்டு, 10 பிட் கல்யாண ஃபுட்டேஜ் ஏன் கட் கட்டா ஓடுதுன்னு சாஃப்ட்வேர மாத்தி மாத்தி பாக்குறவங்க நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க, பிரச்சனை சாஃப்ட்வேர்ல இல்லவே இல்ல.

இப்ப ஒவ்வொண்ணா வருவோம்.

டாவின்சி ரிசால்வ். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் மனசார சொல்றது இதத்தான். ஆஸ்திரேலியாவோட பிளாக்மேஜிக் டிசைன் கம்பெனி 2009ல டாவின்சிய வாங்குனாங்க, அதுக்கு முன்னாடி அது பெரிய சினிமா லேப்ல கலர் பண்றதுக்கு மட்டும் இருந்த மெஷின், இப்ப அதே பேர்ல எடிட்டிங், கலர், சவுண்ட், எஃபெக்ட் எல்லாம் ஒரே சாஃப்ட்வேர்ல, அதுவும் இலவசமா கிடைக்குது. வாட்டர்மார்க் கிடையாது, நாள் கணக்கு கிடையாது, 4கே யுஎச்டி வரைக்கும் 60 ஃப்ரேம்ல அவுட் எடுக்கலாம். அப்புறம் எதுக்கு காசு குடுத்து ஸ்டுடியோ வெர்ஷன் வாங்கணும்னா, நாய்ஸ் ரிடக்ஷன் (இருட்டுல எடுத்ததுல வர்ற புள்ளிய குறைக்கிறது), மேஜிக் மாஸ்க் (ஆள மட்டும் தானா பிரிக்கிறது) மாதிரி விஷயங்கள் அதுலதான் இருக்கு, ஃப்ரீல அத போட்டா படத்து மேலயே வாட்டர்மார்க் வந்து உக்காந்துக்கும். இன்னொண்ணு, விண்டோஸ்ல ஃப்ரீ வெர்ஷன்ல மேல சொன்ன 10 பிட் 4:2:2 கிளிப்ப போட்டா பல நேரம் மீடியா ஆஃப்லைன்னு சிவப்பா காட்டும், இல்லன்னா சத்தம் மட்டும் வரும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேணாம், ஸ்டுடியோ வெர்ஷன்ல ஓடும், இல்ல வேற கோடெக்குக்கு மாத்தி போட்டாலும் ஓடும். லினக்ஸ்ல ஃப்ரீ வெர்ஷன் எச்.264ஐயே எடுக்காது, அத தெரிஞ்சுட்டு இறங்குங்க. ஸ்டுடியோ விலை 295 டாலர், ஒரே தடவ, ஒரு கீய ரெண்டு சிஸ்டத்துல போட்டுக்கலாம், இதுவரைக்கும் புது வெர்ஷனுக்கு தனியா காசு வாங்குனதில்ல. ரேம் 16 ஜிபி கண்டிப்பா வேணும், ஃப்யூஷன்ல, அதாவது அதுக்குள்ளயே இருக்குற எஃபெக்ட் பேஜ்ல, வேலை பண்றதா இருந்தா 32. கிராஃபிக்ஸ் கார்டு நல்லா இல்லாத பழைய சிஸ்டம்னா ரிசால்வ் பக்கம் போகாதீங்க, அது முழுக்க கார்டு மேல நிக்கிற சாஃப்ட்வேர்.

ஏற்காடு வேலை அதிகமா பண்றவங்களுக்கு ரிசால்வோட கலர் பேஜ் நிஜமாவே பெரிய பலம். பகோடா பாயின்ட்ல காலைல மூடுபனி இறங்குறப்ப எடுத்த ஷாட்ட பாருங்க, வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவுல மெதுவா மாறுற டோன் மட்டும்தான் இருக்கும், அதுல கான்ட்ராஸ்ட் ஏத்துனா 8 பிட் ஃபுட்டேஜ்ல வானத்துல பட்டை பட்டையா கோடு விழும், ஏன்னா ஒரு சேனலுக்கு 256 படிதான் இருக்கு, 10 பிட்ல 1024. அதனால பனிய எடுக்கணும்னா 10 பிட்ல எடுங்க, எடிட்ல நோட் (ஒவ்வொரு கலர் திருத்தத்தையும் தனித்தனியா வைக்கிற கட்டம்) போட்டு பனிய மட்டும் தனியா பிரிச்சு கொஞ்சமா தொடுங்க. எந்த சாஃப்ட்வேர் வாங்குனாலும் 8 பிட்ல இல்லாத டோன அது கொண்டு வந்து தராது.

அடோபி பிரீமியர் ப்ரோ. அடுத்தவங்களோட சேந்து வேலை பண்றீங்க, சென்னை விளம்பர கம்பெனிக்கோ யூடியூப் சேனலுக்கோ எடிட்டரா போகணும், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல டைட்டில் அனிமேஷன் பண்றீங்கன்னா இதுதான் வசதி, போட்டோஷாப் லேயரும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் காம்ப்பும் (அதுல பண்ண அனிமேஷன் வேலை) அப்படியே டைம்லைன்ல வந்து உக்காரும். மாசாமாசமோ வருஷாவருஷமோ கட்டணும், கட்டுறத நிறுத்துனா ப்ராஜெக்ட்ட திறக்க முடியாது, இது பெரிய விஷயம். வருஷ பிளான மாசத்தவணைல கட்டுறது ஒண்ணு இருக்கும், பாக்க மாச பிளான் மாதிரியே தெரியும், நடுவுல கேன்சல் பண்ணா அதுக்கு ஒரு ஃபீஸ் போடுவாங்க, கார்டு நம்பர் போடுறதுக்கு முன்னாடி அந்த வரிய படிங்க. என் கருத்து, வர்ற வருமானத்துல அந்த மாச காச தனியா எடுத்து வைக்க முடியும்னா மட்டும் பிரீமியர் எடுங்க.

எடியஸ். யூடியூப்ல இதப்பத்தி யாரும் பெருசா பேசமாட்டாங்க, ஆனா கல்யாண ஸ்டுடியோவுக்குள்ள போய் பாத்தா இத வச்சு வேலை பண்றவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க. காரணம் இருக்கு. மூணு கேமரா, ரெண்டு வேற கோடெக், ஒண்ணு 25 ஃப்ரேம் ஒண்ணு 50 ஃப்ரேம், எல்லாத்தையும் ஒரே டைம்லைன்ல கொட்டுனாலும் ரெண்டர், அதாவது முன்கூட்டியே கணக்கு போட்டு வைக்கிறது, கேக்காம ஓட்டும், கார்டு பெருசா இல்லாத சிஸ்டத்துலயும் இன்டெல் உள்கிராஃபிக்ஸ வச்சே சமாளிக்கும். மூணு மணி நேர ட்ரெடிஷனல் வீடியோ, முகூர்த்தம், ரிசப்ஷன்னு வாரத்துக்கு பல ஆர்டர் முடிக்கிறவங்களுக்கு இந்த வேகம்தான் சோறு போடுது. விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். ஒரு தடவ வாங்குனா அந்த வெர்ஷன் உங்களுது, அடுத்த வெர்ஷனுக்கு தனியா கட்டணும். ஏற்கனவே எடியஸ்ல கை பழகி ஆர்டர் நல்லா போயிட்டு இருக்குன்னா, யாரோ பழசுன்னு சொன்னாங்கன்னு விட்டுடாதீங்க, கட்டிங்க அதுலயே பண்ணிட்டு கேன்டிட் ஹைலைட்டுக்கு மட்டும் ரிசால்வ் ஃப்ரீல கலர் பண்ணுங்க, ரெண்டும் சேந்து நல்லா போகும்.

ஃபைனல் கட் ப்ரோ மேக் இருக்கவங்களுக்கு மட்டும். ஒரே தடவ காசு குடுத்து வாங்கலாம், 299.99 டாலர், எம் சீரிஸ் மேக்புக்ல ரொம்ப லேசா ஓடும். கிளிப் தானா ஒட்டிக்கிற மேக்னெடிக் டைம்லைன் சிலருக்கு உடனே பிடிக்கும், ட்ராக் வச்சு பழகுனவங்களுக்கு எரிச்சலா இருக்கும், ரெண்டு வாரம் குடுத்து பாருங்க.

அவிட் மீடியா கம்போசர் பெரிய டீமா சினிமா, டிவி வேலை பண்றவங்களுக்கு. நம்ம சைஸுக்கு தேவைப்படாது. ஃபில்மோரா ரீல்ஸுக்கு போதும், கேடென்லைவ் இலவசம், பழைய லேப்டாப்ல கத்துக்க நல்லது.

இப்ப தமிழ் டைட்டில். இத யாரும் சொல்லமாட்டாங்க, ஆனா கல்யாண வீடியோவுக்கு இதான் முக்கியம், பொண்ணு மாப்பிள்ளை பேர் தப்பா வந்தா குடும்பமே முகம் சுளிக்கும். எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் ட்ரையல்ல முதல்ல டைட்டில் டூல திறந்து யூனிகோட் ஃபான்ட்ல செல்வன், செல்வி, கௌரி, ஸ்ரீ, சேலம் இந்த அஞ்ச டைப் பண்ணி பாருங்க. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னாடி ஒழுங்கா வந்து நிக்குதா, இல்ல பின்னாடி போய் புள்ளி வட்டத்தோட தொங்குதான்னு பாக்கணும். பிரீமியர்ல தப்பா வந்தா ப்ரிஃபரன்ஸஸ்ல கிராஃபிக்ஸ் போய் டெக்ஸ்ட் இன்ஜின சவுத் ஏஷியன்னு மாத்துங்க, சரியாயிடும். வேற சாஃப்ட்வேர்ல சரியாவே வரலன்னா போட்டோஷாப்லயோ வேற எதுலயோ டைட்டில அடிச்சு, பின்னணி இல்லாத பிஎன்ஜியா எடுத்து டைம்லைன்ல போடுங்க. யூனிகோட் இல்லாத பழைய பாமினி மாதிரி ஃபான்ட்ல அடிக்கிற வழக்கம் இன்னும் இருக்கு, அது எல்லா சாஃப்ட்வேர்லயும் தெரியும்தான், ஆனா அந்த எழுத்த காப்பி பண்ணி யூடியூப்லயோ வாட்ஸ்அப்லயோ போட்டா கண்ட கண்ட எழுத்தா வரும்.

எப்படி சோதிக்கிறதுன்னு கேட்டா, உங்ககிட்ட இருக்கறதுலயே மோசமான ஒரு வேலைய எடுங்க, அழகான கிளிப் எடுக்காதீங்க. மண்டபத்துல லைட் கம்மியா எடுத்தது, மேளச்சத்தம் கிழியுற ஆடியோ, சொந்தக்காரங்க ஃபோன்ல எடுத்து அனுப்புன கிளிப், ட்ரோன், எல்லாத்தையும் ஒரே ப்ராஜெக்ட்ல போட்டு பத்து நிமிஷ வீடியோ ஒண்ணு முழுசா முடிச்சு அவுட் எடுங்க. ஃபோன் கிளிப்ல ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கும், அதனால கடைசில போக போக வாயும் சத்தமும் ஒட்டுதான்னு பாருங்க, ஒட்டலன்னா ஹேண்ட்பிரேக்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்திட்டு போடுங்க. மூணு கேமராவையும் சத்தத்த வச்சு சிங்க் பண்ணி பாருங்க. ரிசால்வ்னா மீடியா உள்ள இழுக்குறதுக்கு முன்னாடியே ப்ராஜெக்ட் ஃப்ரேம் ரேட்ட 25ன்னு வச்சுடுங்க, அப்புறம் மாத்த விடாது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 25 ஃப்ரேம், 1/50 செகண்ட் ஷட்டர்னு எடுத்தா மண்டப லைட்டு பெரும்பாலும் மினுக்காது. ஓட்டம் கனமா இருந்தா ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் வைக்கிற லேசான நகல், போட்டு அதே வேலைய மறுபடி பாருங்க, ப்ராக்ஸியோட நல்லா ஓடுச்சுன்னா புது சிஸ்டமே தேவையில்லாம போகலாம்.

கிராக் வெர்ஷன் போடாதீங்க. கடைல பென்டிரைவ்ல போட்டு குடுப்பாங்க, அதோட சேந்து வர்ற வைரஸ் ஹார்ட் டிஸ்க் மொத்தத்தையும் பூட்டிடுச்சுன்னா ஒரு குடும்பத்தோட கல்யாணமே போச்சு, திரும்ப எடுக்க முடியாத விஷயம் அது. இலவசமாவே ரிசால்வ் இருக்கறப்ப அந்த ஆபத்து எதுக்கு.

அடுத்தவங்ககிட்ட கலருக்கோ சவுண்டுக்கோ குடுக்குறவங்க வாங்குறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட எந்த வெர்ஷன், டைம்லைன வேற சாஃப்ட்வேருக்கு அனுப்புற ஃபைல் எக்ஸ்எம்எல் வேணுமா ஏஏஎஃப் வேணுமான்னு கேட்டுடுங்க. புது வெர்ஷன்ல சேவ் பண்ண ப்ராஜெக்ட் பழைய வெர்ஷன்ல திறக்காது, இது பிரீமியருக்கும் ரிசால்வுக்கும் பொருந்தும், அதனால ஒரு வேலை நடுவுல இருக்கறப்ப அப்டேட் பட்டன தொடாதீங்க, அப்டேட் பண்றதுக்கு முன்னாடி ப்ராஜெக்ட்ட தனியா எக்ஸ்போர்ட் பண்ணி வேற டிஸ்க்ல வைங்க.

சாஃப்ட்வேர் மாத்தணும்னு முடிவு பண்ணிட்டா தை, வைகாசி, ஆவணில மாத்தாதீங்க, முகூர்த்தம் வரிசையா இருக்கும், புது ஷார்ட்கட் கைல ஏறவே நேரம் கிடைக்காது. கல்யாணம் மட்டும் பண்றவங்களுக்கு ஆடி சரியான மாசம். கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஏரியா கோயில் திருவிழான்னு ஆடிலயும் கேமரா தூக்குறவங்க மார்கழிக்கு தள்ளி வைங்க, அந்த மாசம் பூரா பழைய சாஃப்ட்வேரையும் சிஸ்டத்துல வச்சுக்கிட்டே புதுசுல பழகுங்க.