சிறுகுழு வாசிப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கவனிப்பது எப்படி?

தமிழ்நாட்டு அரசின் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து, கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) என்று பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைப்பது நெல்லைப் பக்கத்துப் பள்ளிகளில் பழகிப்போன காரியம். பிரித்த பிறகும் ஒரு பிள்ளை வாசிக்க, மற்றவர்கள் கூடவே ஒப்பித்தால் யாருக்கு எந்த எழுத்து தகராறு என்று தெரியவே தெரியாது. மொட்டு நிலையில் 5 பேர், 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. பத்தி. சுமார் 40 சொற்கள் போதும். 4 சொற்களுக்கு மேல் ஒரு பிள்ளை தடுமாறினால் அந்தப் பத்தி அதற்குக் கனம். ஒன்றிலும் தடுமாறவில்லையா, அதில் கற்பிக்க ஒன்றுமில்லை. ஆளுக்கொரு தாள் வேண்டும். ஒரே புத்தகத்தை 5 பேர் எட்டிப் பார்த்தால் எதிரே இருப்பவருக்கு எழுத்து தலைகீழ்.

2. முணுமுணுப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில், ஆனால் அவரவர் வேகத்தில் மெல்லிய குரலில் வாசிக்கட்டும். சேர்ந்து ராகம் போட ஆரம்பித்தால் அரை நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொருவராகத் தொடங்கச் சொல்லுங்கள். முடித்தவர் மறுபடி முதலிலிருந்து வாசிப்பார்.

3. ஒருவர் பக்கத்தில் 3 நிமிடம். பிள்ளைக்கு எதிரே இல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். "கொஞ்சம் சத்தமா வாசி" என்றால் போதும். தடுமாறினால் மனதுக்குள் 5 எண்ணும்வரை வாயைத் திறக்க வேண்டாம். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். சொல்லை நாமே எடுத்துக்கொடுத்துவிட்டால், அடுத்த சொல்லில் பிள்ளை தாளைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்க்கும். பக்கத்துப் பிள்ளை முந்திக்கொண்டு சொன்னாலும் இதே கதிதான்.

அதன்பின் உதவி, தடுமாற்றத்தைப் பொறுத்தது. "பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறார்கள்" என்ற வரியை எடுத்துக்கொள்வோம்.

"கேரை" என்று வாசித்தால் பிள்ளை கொம்போடு நின்றுவிட்டது, துணைக்காலைப் பார்க்கவில்லை. க-வின் இருபுறமும் விரல் வைத்து, "முன்னால என்ன, பின்னால என்ன?" என்று கேளுங்கள். துணைக்காலை ர என்று எண்ணிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் "கால், கரல்" என்று இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். (கரலுக்குப் பொருள் தேவையில்லை, வேறுபாடு தெரிந்தால் போதும்.)

"நெய்கிறார்கள்" நீளத்தால் மிரட்டும் சொல். விரலால் மறைத்து நெய், கிறார், கள் என்று துண்டு துண்டாகத் திறந்துவிட்டு, கடைசியில் முழுதாக ஒருமுறை வாசிக்க வையுங்கள். அந்த முழு வாசிப்பை விட்டால் துண்டுகள் துண்டுகளாகவே நிற்கும்.

அதையே "நெய்யுதாவ" என்று ஒரு பிள்ளை வாசித்தால்? "ஆற்றங்கரை"யை "ஆத்தங்கரை" என்றால்? பொருள் புரிந்து, வீட்டுப் பேச்சில் சொல்லியிருக்கிறது. இதைத் தப்பு என்று குறித்துக் கீழ்நிலைக்குத் தள்ளுவது அநியாயம். "சரிதான், நம்ம வீட்ல அப்படித்தான் சொல்லுவோம். தாள்ல எப்படி இருக்கு?" என்று எழுத்துக்குத் திருப்பினால் போதும்.

"படத்தைப் பார்த்துச் சொல்லு" என்ற யோசனை மட்டும் வேண்டாம். தமிழில் எழுத்தைக் கூட்டினாலே பெரும்பாலும் சொல் வந்துவிடும். ஊகிக்கப் பழகிய பிள்ளை "பாய்" இருக்கிற இடத்தில் "தரை" என்று வாசித்துவிட்டுப் போகும்.

4. ஒரே ஒரு பாடம். 3 நிமிடத்தில் நாலு தவறு தெரிந்தாலும் ஒன்றை மட்டும் திருத்துங்கள். அடிக்கடி வருவது எதுவோ அது. எழுவதற்கு முன் "நாளைக்கு 'கொ, கோ' வந்தா ரெண்டு பக்கமும் பாரு" என்று ஒரே வரி.

5. குறிப்பேடு. தேதி, பெயர், தாளில் இருந்தது, பிள்ளை வாசித்தது, அவ்வளவுதான். "நன்று", "முயற்சி தேவை" என்று எழுதினால் மறுநாள் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "கோரை – கேரை" என்று எழுதினால் மறுநாள் தொடக்கத்தில் தொட்டி, கோழி, கொக்கு, சோளம் என்று நாலு சொல் எழுதிப் போடலாம்.

ஒரே நாளில் 5 பேரையும் பார்க்க முயன்றால் 20 நிமிடத்தில் 15 அதிலேயே போய்விடும், தொடக்கச் சொற்களுக்கும் குறிப்பேட்டுக்கும் நேரம் போதாது. நாளுக்கு 3 பேர் போதும். மிகவும் தடுமாறும் பிள்ளையைத் தினமும் பாருங்கள், மற்ற நால்வரை இரண்டிரண்டு பேராக ஒரு நாள் விட்டு ஒரு நாள்.