தொலைபேசித் தடத்தின் கட்டத் திரிபை மேசைமேல் அளந்து பார்த்தல்

தொலைபேசித் தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கடத்துகிறது என்றாலும், அந்த அதிர்வெண்கள் அனைத்தையும் மறுமுனையில் ஒரே நேரத்தில் சேர்ப்பதில்லை. வடிப்பான்கள் வெட்டத் தொடங்கும் இரு ஓரங்களிலும் தாமதம் கூடுதல், நடுப்பகுதியில் குறைவு. கேட்பவரின் காது இதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. தடுமாறுவன மோடமும் ஃபேக்ஸும்தான். அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் தாமதம் மாறுபடும் இந்தக் கட்டத் திரிபைத் தனியே பிரித்துக் காட்டும் எளிய சுற்று ஒன்றைக் கட்டி அளப்போம்.

படி 1: இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைக் கிரவுண்டாகக் கொள்ளுங்கள். டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் (செயல்பாட்டுப் பெருக்கி) ஐசியின் 8ஆம் காலுக்கு நேர்முனையையும் 4ஆம் காலுக்கு எதிர்முனையையும் கொடுங்கள். உள்ளீட்டிலிருந்து 2ஆம் காலுக்கும், 2க்கும் 1க்கும் இடையிலும், உள்ளீட்டிலிருந்து 3ஆம் காலுக்கும் தலா ஒரு 10 கிலோ ஓம் மின்தடை. 3ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட் மின்தேக்கி. வெளியீடு 1ஆம் கால். 2ஆம் காலைத் தொடும் இரு மின்தடைகளும் சம மதிப்புடையவையாக இருப்பது முக்கியம்.

படி 2: 1 வோல்ட் உச்சமுள்ள சைன் அலையை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மாற்றிப் பாருங்கள். வெளியீட்டின் உயரம் மாறாது. அளவை மட்டும் பார்ப்பவர் இச்சுற்றில் குறையே இல்லை என்றுதான் சொல்வார்.

படி 3: ஆசிலோஸ்கோப்பின் ஒரு சேனலில் உள்ளீட்டையும் மற்றதில் வெளியீட்டையும் இணைத்து, அலைகள் சுழியைக் கடக்கும் இடங்களை ஒப்பிடுங்கள். 1500 ஹெர்ட்ஸில் இடைவெளி சுமார் 160.4 மைக்ரோவினாடி; 1700 ஹெர்ட்ஸில் 153.2. இதையே சிக்னலின் தாமதம் என்று எடுத்துக்கொள்வதுதான் தொடக்கநிலையினர் வழுக்கும் இடம். இடைவெளியை அதிர்வெண்ணாலும் 360ஆலும் பெருக்கினால் கட்டம் (ஒரு முழுச் சுழற்சியை 360 பாகையாகக் கொண்டு அளக்கும் பின்தங்கல்) கிடைக்கும்: முறையே 86.6, 93.8 பாகை. வித்தியாசமான 7.2 பாகையை 360 × 200ஆல் வகுத்தால் வருவது 100 மைக்ரோவினாடி. செய்தியைச் சுமக்கும் அலைத்தொகுதி உண்மையில் தாமதிப்பது இவ்வளவே. இதற்குத் தொகுதித் தாமதம் என்று பெயர். இதே கணக்கை 300 ஹெர்ட்ஸ் அருகே செய்தால் 193, 3200 அருகே 40 என்று வரும். சிறு வித்தியாசத்தை அளப்பதால், சராசரி எடுக்கும் வசதி ஆசிலோஸ்கோப்பில் இருந்தால் பயன்படுத்துங்கள்.

படி 4: இப்போது 500 ஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுங்கள். உள்ளீடு −1 வோல்ட்டிலிருந்து +1க்குத் தாவும் கணத்தில் வெளியீடு எதிர்த்திசையில் −3 வோல்ட் வரை பாய்ந்து, பிறகே வளைந்து ஏறி +1ஐ அடைகிறது. திரையில் அலை அடையாளம் தெரியாமல் சிதைந்திருக்கும். ஆனால் இரண்டையும் ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டால் வேறுபாடு பெரும்பாலும் புலப்படாது.

தொலைபேசித் தடத்தின் ஓரங்களில் ஏற்பட்டுவிட்ட தாமதத்தை எந்தச் சுற்றாலும் திரும்பப் பெற முடியாது. ஆகவே சமன்செய்யும் கருவிகள், இதே வகையைச் சேர்ந்த இரண்டாம் வரிசைச் சுற்றுகளைக் கோத்து, நடுப்பகுதியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி ஓரங்களுக்கு இணையாக்குகின்றன. வினாடிக்கு 2400 குறியீடுகளை அனுப்பும் வி.29 ஃபேக்ஸ் மோடத்தில் ஒரு குறியீட்டுக்குக் கிடைப்பது 417 மைக்ரோவினாடி மட்டுமே. அதனால்தான் அது தன் சுமப்பலையை (தரவை ஏற்றிச் செல்லும் அலையை) தடத்தின் அமைதியான நடுவில், 1700 ஹெர்ட்ஸில் வைத்துக்கொண்டு, எஞ்சிய திரிபை ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்திலும் தானே அளந்து சமன்செய்துகொள்கிறது.