200 சொல்லிவிட்டுப் பாதியில் சாகாதீர்கள்: குவெரி சர்வீஸ் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதிய சர்வீஸை ரிவ்யூ செய்துகொண்டிருந்தேன். டேட்டாபேஸுக்கு முன்னால் நின்று, கேட்கிற குவெரிக்கு விடை எடுத்துத் தரும் சின்ன சர்வீஸ்தான். படிக்கப் படிக்க எனக்கே வெட்கமாகிவிட்டது. நான் ஒரு காலத்தில் செய்த தவறுகள் எல்லாம் ஏறக்குறைய அதே வரிசையில் இருந்தன. எல்லாம் எச்டிடிபி ஸ்டேட்டஸ் கோடு பற்றியவை. அதாவது, கேட்டது என்ன ஆயிற்று என்று சர்வர் விடையோடு அனுப்பும் மூன்று இலக்க எண்: 200 என்றால் சரி, 404 என்றால் கேட்டது இல்லை, 500 என்றால் சர்வரில் கோளாறு. அதற்கு மேல் 404-க்கும் 500-க்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. அது தெரிந்தவர்களே வழுக்கி விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

விடை காலி என்பதால் 404

"நேற்று ரத்தான ஆர்டர்கள் எவை?" என்று கேட்கிறார்கள். ஒன்றும் ரத்தாகவில்லை. நல்ல செய்திதானே, இதில் பிழை எங்கே வந்தது? 200 கொடுத்து உள்ளே காலி லிஸ்ட்டை வையுங்கள். 7812 என்ற எண்ணுள்ள ஆர்டரையே நேராகக் கேட்டு, அது இல்லை என்றால் 404 சரி. தேடலுக்கு 404 கொடுத்தால், யூஆர்எல்லைத் தப்பாக அடித்தோமா, தரவே இல்லையா என்று கேட்டவர் குழம்புவார்.

கேட்டவர் தப்புக்கு 500

குவெரியில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போகிறது. குவெரியைப் படித்துப் பிரிக்கும் பார்சர் எக்ஸெப்ஷன் எறிகிறது, யாரும் பிடிப்பதில்லை, ஃப்ரேம்வொர்க் தன் வழக்கப்படி 500 என்கிறது. 5 என்று ஆரம்பித்தால் கோளாறு சர்வரில் என்று அர்த்தம். பல கிளையன்ட்கள் உடனே ரீட்ரை செய்யும். மூன்று முறை அனுப்பினாலும் அடைப்புக்குறி தானாக முளைத்துவிடாது. ஆனால் அலாரம் அடிக்கும், ராத்திரி டியூட்டியில் இருப்பவர் எழுந்து உட்கார்வார்.

குவெரியின் இலக்கணமே தப்பு என்றால் 400, அதாவது கேட்டவர் தப்பு. இலக்கணம் சரி, ஆனால் இல்லாத ஃபீல்டைக் கேட்கிறார் என்றால் 422. அதற்கும் 400-ஏ போதும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. எச்டிடிபி விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9110-ன்படி, தனக்குத் தெரியாத கோடு வந்தால் முதல் இலக்கத்தைப் பார்த்து, அந்த வகையின் 00 போலவே கிளையன்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். 422 தெரியாதவருக்கு அது 400. அதனால் முதல் இலக்கத்தில் மட்டும் கோட்டை விடாதீர்கள். அப்புறம், எந்த வரியில் என்ன தப்பு என்பதை பாடியில், அதாவது விடையின் உள்ளடக்கத்தில், எழுதுங்கள். அதற்கென்றே ஆர்எஃப்சி 9457 ஒரு ஜேசன் வடிவத்தை வைத்திருக்கிறது.

401, 403

401 என்றால் "யார் நீ?" 403 என்றால் "யாரென்று தெரியும், ஆனாலும் கிடையாது."

200 சொல்லிவிட்டுப் பாதியில் சாவது

இதை இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. செய்தது நான்தான்.

பெரிய விடைகளை மெமரியில் சேர்த்துவைக்க முடியாது என்பதால், டேட்டாபேஸ் தரத் தர வரிவரியாக சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் வரிகளாக) அனுப்பும்படி எழுதியிருந்தேன். எச்டிடிபியில் ஸ்டேட்டஸ் கோடு முதல் வரியிலேயே போய்விடும். அதாவது முதல் பைட் கிளம்பும்போதே "எல்லாம் சரி" என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அறுபதாவது வினாடியில் குவெரியின் நேர வரம்பு தீர்ந்து டேட்டாபேஸ் கையை விரித்தால், போன 200-ஐத் திருப்பி வாங்க முடியாது.

நான் என்ன செய்தேன்? எக்ஸெப்ஷனைப் பிடித்தேன், லாகில் ஒரு வரி எழுதினேன், ஸ்ட்ரீமை ஒழுங்காக மூடினேன். அந்த ஒழுங்குதான் வினை. எச்டிடிபி 1.1-ல் துண்டு துண்டாக அனுப்பும்போது, பூஜ்ய நீளத் துண்டு வந்தால் "அவ்வளவுதான், முடிந்தது" என்று பொருள். அதையும் மரியாதையாக அனுப்பி வைத்திருக்கிறேன். ஜேசனாக இருந்திருந்தால் மூடாத அடைப்பைப் பார்த்து பார்சராவது கத்தியிருக்கும். சிஎஸ்விக்கு அந்தப் பேச்சே இல்லை. பாதி ஃபைலும் முழு ஃபைல்தான்.

அப்படிப் போன அறிக்கை ஒன்றில் நிறுவனத்தின் கிளைகள் எண் வரிசையில் வரும். மொத்தம் 61 கிளை, ஃபைல் 38-லேயே நின்றுவிட்டது. கடைசி வரிகூட முழுசாக இருந்தது. பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மீதிக் கிளைகள் இன்னும் கணக்கு அனுப்பவில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டி, அந்த 23 கிளைகளுக்கும் நினைவூட்டல் கடிதம் போய்விட்டது. அனுப்பியாகிவிட்டது என்று அவர்கள் பதில் எழுத, மறுபடி ஓட்டிப் பார்த்தால் மறுபடியும் 38. நடுவிலிருந்த கேஷ் அந்தப் பாதி விடையை முழு விடை என்று நம்பிப் பத்திரப்படுத்தியிருந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் லாகைத் திறந்தேன். நானே எழுதிய அந்த ஒரு வரி அங்கே காத்துக்கொண்டிருந்தது.

இப்போது இப்படிச் செய்கிறேன். முதலில் கொஞ்சம் வரிகளை பஃபரில் பிடித்து வைக்கிறேன். சின்ன விடை அதற்குள்ளேயே முடிந்துவிடும், நடுவில் பிழை வந்தாலும் சரியான கோடு கொடுக்க நேரம் இருக்கும். அதையும் தாண்டிப் போய் உடைந்தால், கனெக்‌ஷனை முரட்டுத்தனமாகவே அறுத்துவிடுகிறேன். முடிவுத் துண்டு வராவிட்டால் விடை முழுமையில்லை என்று ஒழுங்கான கிளையன்ட் லைப்ரரி பிழை காட்டும். எச்டிடிபி 2 என்றால் ஸ்ட்ரீமை ரீசெட் செய்தால் போதும். கடைசி வரியாக மொத்த வரி எண்ணிக்கையும் போகிறது. பாடிக்குப் பின்னால் டிரெய்லர், அதாவது கடைசியில் வரும் ஹெட்டர், அனுப்பலாமே என்று கேட்பீர்கள். விதியில் இடம் இருக்கிறது, ஆனால் பல கிளையன்ட்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

குவெரி இழுத்தால் 408

408-ன் பெயர் ரிக்வெஸ்ட் டைம்அவுட். பெயரில் டைம்அவுட் இருப்பதால் வரும் மயக்கம். கிளையன்ட் தன் கோரிக்கையை முழுதாக அனுப்பத் தாமதித்தால்தான் 408. அதைப் பார்த்து அதே கோரிக்கையைத் தானாகவே மறுபடி அனுப்புகிற கிளையன்ட்களும் உண்டு. சர்வரை மூச்சு முட்டவைத்த குவெரி இன்னொரு முறை வரும், சந்தோஷமா? பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் நேரத்துக்குப் பதில் சொல்லாததால் நான் 504 கொடுத்து, வரம்பு எத்தனை வினாடி என்பதை பாடியில் சொல்லிவிடுகிறேன். கச்சிதமாகப் பொருந்துகிற கோடு இதற்கு இல்லை.

429

அளவுக்கு மீறிக் கேட்பவருக்கு இது. ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டரோடு அனுப்புங்கள். எப்போது திரும்பி வரலாம் என்று சொல்லாவிட்டால் அடுத்த வினாடியே வந்து நிற்பார்கள்.